முந்நூற்றுப் பதினெட்டுக் கதவுகளும் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட்டும்

கோட்டூர்புரம், சென்னை 600 085
வெள்ளிக்கிழமை

பெரும்பாக்கத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மாமா தனபாலன் அவர்களுக்கு, மாவுக்கடையிலிருந்து உங்கள் மச்சான் கோதண்டபாணி எழுதுவது.

ஓடத்துறை நகரை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. லாரி எதுவும் வரவில்லை. அங்கே கதவுக்குக் கதவு மஞ்சள் பெயின்ட்டால் நம்பர் எழுதி வட்டம் இழுத்தது நான்தான். ஆனால் அரசாங்கத்துக்காக எழுதவில்லை, இட்லி மாவு விற்பதற்காக எழுதினேன். உங்கள் மகள் கயல் வீட்டு நம்பர் 207. அதை எழுதியவனும் நான்தான், அழித்தவனும் நான்தான்.

தலைபோகிற விஷயத்தை முதலில் சொல்லிவிட்டதால் இனி முறைப்படி நலம் விசாரிக்கிறேன். அக்கா முத்தம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? உங்கள் பிரஷர் மாத்திரை தீர்ந்திருந்தால் டெம்போ டிரைவரிடம் ஓர் அட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன், ஒன்று போட்டுக்கொண்டு மேலே படிக்கவும். நான் நலம். பெயின்ட்டை அழித்த டர்பன்டைனில் இரண்டு கையும் எரிகிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். செவ்வாய்க்கிழமை முதல் நீங்கள் பதினோரு முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. வியாபாரத்தில் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் எட்டு முறை, எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று தெரியாத பயம். கடைசி மூன்று முறை, தெரிந்த பயம். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கத்துவீர்கள், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடிதத்தில் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் நான் எழுதியது எழுதியபடியே இருக்கும்.

எல்லாம் ஒரு விண்ணப்பத் தாளில் ஆரம்பித்தது மாமா. கோயம்புத்தூர்ப் பக்கத்து மாவுக் கம்பெனி ஒன்று, பெயர் வேண்டாம், சென்னையில் பின்கோடுக்கு ஓர் ஏஜென்ட் போடுகிறது. என் பதினோரு கிரைண்டரிலும் அரைத்து அவர்கள் பாக்கெட்டில் அடைத்து 600 085 முழுக்க நான் ஒருவனே விற்கலாம், வேறு எவனும் உள்ளே கால் வைக்க முடியாது. அதற்கான தாளில் நான்காவது கேள்வி: உங்கள் பின்கோடு பகுதியின் நில அமைப்பும் மக்கள்தொகையும், ஒரு பக்கத்துக்கு மிகாமல். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே இந்த மாதிரிக் கேள்விக்குப் பயந்துதான். இருந்தாலும் நில அமைப்பை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஒரு பக்கம் அடையாறு, அதில் யாரும் குடியில்லை. பெரிய நூலகம் ஒன்று, பகலில் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஒருவர்கூட அங்கே தோசை ஊற்றப்போவதில்லை. பக்கத்துப் பின்கோடு முழுக்க ஒரே காலேஜ். பிள்ளைகள் மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள், மான்கள் புல் சாப்பிடுகின்றன, அந்த ஏஜென்சி எடுக்கப்போகிறவனை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. மிச்சம் இருப்பது அடுக்குமாடிகளும் ஹவுசிங் போர்டும், ஆற்றங்கரையில் நாம் பிறந்து வளர்ந்த ஓடத்துறை நகரும். இதுவரை சரி. மக்கள்தொகைக்கு நெட்டில் தேடினால் ஒரு தளத்தில் ஓர் எண், இன்னொன்றில் அதைப்போல் இரண்டு மடங்கு. அரிசி மூட்டையையே தராசில் ஏற்றாமல் வாங்காதவன் நான். எவனோ சொன்ன தலைக்கணக்கை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுவது? நாமே எண்ணிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பீர்கள். இருந்திருக்கலாம்.

துணைக்கு நம்ம ஏரியா தபால்காரர் அப்துல் வஹீத் பாயைக் கூப்பிட்டேன். ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது, ஆனால் காக்கி பேன்ட் ஆறு மிச்சமிருக்கிறதாம், கிழியும்வரை அதைத்தான் போடுவாராம். முப்பத்தோரு வருஷம் ஓடத்துறை நகர்க் கடிதங்களையெல்லாம் முனையில் இருக்கும் டீக்கடையில் கட்டாக வைத்துவிட்டுப் போனவர் அவர். “பாணி தம்பி, இந்தப் பின்கோடு முழுக்க என் தோள்லதான் இருந்திச்சு, ஆனா சந்துக்குள்ள காலை வெச்சது இன்னிக்குத்தான்” என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நீள நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னபோது மனிதருக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது. ரிடையரான தபால்காரர் காக்கி போட்டுக்கொண்டு நோட்டோடு சந்துக்குள் வந்தால் என்ன அர்த்தம் என்று பார்த்தவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்குத்தான் புத்தி இல்லை.

நான் கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று. வீட்டில் எத்தனை தலை. எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள். ரேஷன் கார்டு என்ன கார்டு. ஒவ்வொன்றுக்கும் வியாபாரக் காரணம் இருக்கிறது மாமா. பழைய ஆட்கள் வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பார்கள், புதுசாகக் குடிவந்தவர்கள்தான் பாக்கெட் வாங்குவார்கள், அதற்காக வருஷம் கேட்டேன். அரிசிக் கார்டு இருந்தால் ரேஷன் அரிசியில் மாவு அரைத்துக்கொள்வார்கள், அதற்காகக் கார்டு. டெலிவரி போகிறவன் சந்தில் திணறக் கூடாது என்று கதவில் நம்பர். வெறும் நம்பர் நீலக் கதவில் அழகாக இல்லை என்று சுற்றி ஒரு வட்டம். இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்தால் உங்கள் கதவில் 112 என்று வட்டம் போட்டுவிட்டு மூன்றே வாரத்தில் காலி பண்ண லாரியோடு வந்தார்களே, அந்த அரசாங்க சர்வேதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஃப்ளாட்டுக்கு வந்து பதினாலு வருஷமாகிறது, அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர்கள் கொடுத்த மரியாதையைச் சொன்னால் இன்னும் அசிங்கம். போன வீட்டிலெல்லாம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். டீ வந்தது. ஒரு வீட்டில் வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் கழித்து வந்தவன் மேல் இவ்வளவு பாசமா என்று இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்தேன். “எம்புள்ள குடும்பத்தைத் தனியா எழுதிக்க நைனா, மச்சினன் குடும்பத்தையும் தனியா எழுதிக்க” என்று ஒரே அறையில் நான்கு குடும்பம் சொன்னார்கள். நம்ம மாவு மேல் ஜனங்களுக்கு இத்தனை ஆசையா என்று பூரித்துப்போய் நானும் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளில் முந்நூற்றுப் பதினெட்டுக் கதவில் அறுநூற்றுப் பதினோரு குடும்பம். வஹீத் பாய் மட்டும் நோட்டை மூடும்போது, “தம்பி, ஏதோ இடிக்குது. இவ்ளோ பேருக்கு நான் லெட்டர் குடுத்ததே இல்லியே” என்றார். நீங்கள் சந்துக்குள் போயிருந்தால்தானே தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் செங்குன்றத்துக்கு அரிசி எடுக்கப் போய்விட்டேன். இங்கே ஓடத்துறை நகரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. சர்வே அன்று நீங்கள் வேலைக்குப் போய் உங்கள் வீடு பூட்டியிருந்ததும், அதனால் பெரும்பாக்கத்தில் மாற்று வீடு கிடைக்க ஏழு மாதம் நாயாய் அலைந்ததும் அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியுமே. அதனால் பாத்திரம் தேய்க்கிறவர், கார் துடைக்கிறவர், இஸ்திரி போடுகிறவர், வாட்ச்மேன் எல்லாரும் அவரவர் கதவில் உட்கார்ந்துகொண்டார்கள். கயலும் ஜலஜா மாமி வீட்டு வேலைக்குப் போகவில்லை. அவள் உங்களுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள், நீங்கள் உடனே டெம்போ அனுப்பினீர்கள். பெற்ற அப்பா செய்ய வேண்டியதைச் செய்தீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா, இதற்குப் பிறகு நடந்ததில் பாதி அந்த டெம்போவால்தான்.

ஜலஜா மாமியின் வீட்டுக்காரர் சுந்தரராமன் ரிடையர்டு என்ஜினியர். மூன்றாவது மாடி பால்கனியில் நின்று ஆற்றைப் பார்ப்பதுதான் அவருக்கு இப்போது உத்தியோகம். புதன்கிழமை காலையில் அவர் பார்க்கும்போது கயலின் பீரோவும் டிவியும் டெம்போவில் ஏறுகின்றன, சந்து முழுக்க மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். வேலைக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. ஐப்பசி மாதம். என்ஜினியர் மூளை ஒரு நொடியில் கூட்டிப் பார்த்துவிட்டது: ஏரித் தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டார்கள், ஆற்றோரத்து ஜனங்களுக்குத் தகவல் வந்துவிட்டது, நமக்குத்தான் சொல்லவில்லை. அடுக்குமாடி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். வெயில் கொளுத்துகிறதே என்று யாரோ கேட்டதற்கு, “அதான் எனக்கு சந்தேகமே” என்று பதில் எழுதியிருக்கிறார். அரை மணி நேரத்தில் நம்ம பின்கோடில் உள்ள கார்களெல்லாம் மேடான இடம் தேடிக் கிளம்பின. கிடைத்த மேடு எது என்று நினைக்கிறீர்கள்? ஆற்றுப் பாலம். ஆற்றில் வெள்ளம் வரும் என்று பயந்து ஆற்றுக்கு நேர் மேலேயே கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள்.

அதைப் பார்த்தேன் மாமா. இரவு செங்குன்றத்திலேயே தங்கிவிட்டு அரிசி மூட்டைகளோடு பாலத்தில் வரும்போது அத்தனை காரையும் பார்த்தேன். இரண்டாயிரத்துப் பதினைந்தில் மூன்று கிரைண்டரைத் தண்ணீரில் விட்டவன் நான். அந்தச் சேறு நாற்றம் மூக்கிலேயே வந்துவிட்டது. யாரையும் எதையும் கேட்கவில்லை. எட்டு ஆளைக் கூப்பிட்டுப் பதினோரு கிரைண்டரையும் கயிறு கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றச் சொன்னேன். ஒன்பது ஏறியது. பத்தாவது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு சிக்கிவிட்டது. இன்றுவரை அந்த வீட்டுக்காரர்கள் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறார்கள். பதினொன்றாவதைத் தொட ஆட்கள் மறுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் உங்கள் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்: “மச்சான், கான்ட்ராக்ட் உனக்குத்தான் கெட்ச்சிருக்காமே, சந்தோசம். கயலுக்கு மட்டும் கீழ் வூடா பாத்துப் போட்டுக் குடு. எட்டாவது மாடி வாணாம், உங்கக்கா படற பாடு போதும்.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளம் வருகிற நேரத்தில் மாமா ஏன் கீழ் வீடு கேட்கிறார் என்று இன்னும் பயமாகிவிட்டது.

நேற்று வியாழக்கிழமை காலை வரை தண்ணீர் வரவில்லை. நகரில் இருப்பவர்களை மேட்டுக்கு வரச் சொல்லலாம் என்று நானே ஓடினேன், அந்த நல்ல எண்ணத்தை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கயல் வீட்டு வாசலில் அடுப்பு ஒன்றுதான் மிச்சம். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“கயலு, எந்திரி, எப்போ காலி பண்ணச் சொன்னாங்க?” என்றேன்.

“நீதான் சொல்லணும் மாமா.”

“நான் இன்னா சொல்றது? யாரு வந்து சொன்னது உங்களுக்கு?”

“இன்னா மாமா வெளாடறியா? நீதானே வந்த. நீதானே நம்பர் போட்ட. எத்தினி வருசமா கீறீங்கன்னு கேட்ட, கார்டு கேட்ட, வஞ்சிரம் துன்னுட்டுப் போன. எப்போ லாரின்னு கேட்டா எங்களையே கேக்கற?”

சந்தே வந்து சுற்றி நின்றது. கதவில் இருந்த 207-ஐப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது: டீ, வஞ்சிரம், குடும்பத்துக்கு ஒரு மாற்று வீடு கிடைக்கும் என்று தனித்தனியாக எழுதச் சொன்னது. மாவுக்கு என்று சொன்னேன். இன்னொரு முறை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை மாமா. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். ஓர் ஆள், “மாவுக்கா? மாவுக்கா எங்கம்மா ரெண்டு நாளா சோறு துன்னாம கீது?” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தான். கயல்தான் தடுத்தாள். தடுத்துவிட்டு, அடிப்பதைவிடக் கேவலமாக ஒன்று கேட்டாள்: “நீ இங்கதானே மாமா பொறந்த? கதவுல நம்பர் போட்டா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?” இந்தப் பின்கோடில் யார் எந்தக் கடையில் எத்தனை ரூபாய்க்கு உளுந்து வாங்குகிறார்கள் என்று தெரியும். அது தெரியவில்லை.

அதற்குள் அவள் வேலையும் போயிருந்தது. இரண்டு நாள் சொல்லாமல் நின்றதால் ஜலஜா மாமி வேறு ஆளைப் பேசிவிட்டார். அங்கேயிருந்து நேராக மாமி வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். “நன்னா இருக்கே நீங்க பண்ணின காரியம்! ரெண்டு நாளா பாத்திரம் தேச்சு என் கை போயிடுத்து. இவர் என்னடான்னா காரைக் கொண்டுபோய்ப் பாலத்துல விட்டுண்டு அதுலயே உக்காந்துண்டிருக்கார், ஆத்துக்கு வரமாட்டேங்கறார்” என்று மாமி பொரிந்தார். பிறகு கொஞ்சம் இறங்கி, “கயலை நாளைக்கே வரச் சொல்லுங்கோ. ஆனா இனிமே எதுன்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். வெள்ளமோ, லாரியோ, ஒங்க மாவோ” என்றார். பாலத்துக்குப் போய் சுந்தரராமன் சாரிடமும் சொன்னேன். “ஏரியைத் தொறக்கலைன்னு நீர் சொல்றீர். நான் டெம்போவைக் கண்ணால பார்த்தேன் ஓய்” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இன்று காலையில்தான் கார் கீழே வந்திருக்கிறது.

ஓடத்துறை நகர் ஜனங்களோடு பேசி முடித்தது இது. எல்லா நம்பரையும் நானே என் கையால் அழிக்க வேண்டும், கூலி ஆள் வைக்கக் கூடாது. அழித்துவிட்டேன். நோட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது, எரித்துவிட வேண்டும், அதுவும் என்னை நம்பாததால் நீங்கள் எரிக்க வேண்டும். கயலின் பீரோ, டிவி, மிக்ஸி எல்லாம் இதே டெம்போவில் திரும்பி வர வேண்டும். ஆகவே மாமா, நோட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கொளுத்தி, எரிவதை அக்காவை விட்டு ஒரு போட்டோ எடுத்து கயலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனித் தாளில் மக்கள்தொகை என்ற இடத்தில் ‘போதுமான அளவு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இனிமேல் யாரும் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து கும்பிடக் கொஞ்ச நாள் ஆகும், உங்கள் கோபம் ஆறட்டும். முருகன் துணையிருந்து எல்லாரையும் இருக்கிற இடத்திலேயே இருக்க வைக்கட்டும்.

இப்படிக்கு, உங்கள் மச்சான்
கோதண்டபாணி

பி.கு.: மாமா, நோட்டை எரிக்காதீர்கள். கையில் தீப்பெட்டி இருந்தால் கீழே வையுங்கள். கடிதத்தோடும் நோட்டோடும் டெம்போ அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டது, அதனால்தான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதை எழுதிப் போட்டோ எடுத்து அக்கா போனுக்கு அனுப்புகிறேன். சற்று முன்னால் நான்கு பேர் டேப்பும் கம்பும் கொண்டுவந்து ஆற்றோரத்தை அளந்திருக்கிறார்கள். அவர்களை நான் அனுப்பவில்லை. யார் நீங்கள் என்று நான் போய்க் கேட்டேன், சொல்லவில்லை. இங்கே எத்தனை வீடு என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள், நானும் சொல்லவில்லை. கயல் கடைக்கு ஓடிவந்து, “மாமா, அந்த நோட்டு எங்க? யாரு எத்தினி வருசமா கீறாங்கன்னு வேற எங்கயும் எழுதல, அதுலதான் கீது” என்றாள். உண்மையான லாரி வந்தால் மாற்று வீடு கேட்க அந்த நோட்டு ஒன்றுதான் அத்தாட்சி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து பேசினோம். நோட்டை முதலில் திருப்பி அனுப்புங்கள், பீரோ பிறகு வரட்டும். நாளைக் காலை நானும் வஹீத் பாயும் மறுபடி வீட்டுக்கு வீடு போகிறோம். இந்த முறை இருக்கிற தலைகளை மட்டும் எழுத வேண்டும், மச்சினன் குடும்பமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் தேதி போட்டுக் கையெழுத்து. நோட்டு மூன்று காப்பி, கயலிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. முந்நூற்றுப் பதினெட்டுக் கதவிலும் மறுபடி நம்பர், பெயின்ட் என் செலவு. ஓடத்துறை நகருக்கு ஒரு வருஷத்துக்கு மாவு கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு. பத்து கேட்டாள், ஐந்துக்கு முடித்தேன்.